பொட்டு வைத்த இரும்புத் தட்டு

பெரிய வண்டி ஒன்றை ஊரை விட்டுக் கிளம்பாமல் நிறுத்தப் பல வழிகள் உண்டு. சாவியை அரிசிப் பானைக்குள் போடலாம். டயரில் காற்றைப் பிடுங்கலாம். மூளையுள்ள பிள்ளைகள் அப்படித்தான் செய்வார்கள். நானோ என் பள்ளிக்கூடச் சட்டையாலேயே அரைக் கிலோ கிரீஸை வழித்தெடுத்து, முழங்கை வரை கறுப்பாகி நின்றேன். அதோடு, ஒருவருக்கும் தெரியாமல் காரியத்தை முடித்துவிட்டதாகவும் நம்பினேன். ஐந்தாம் வகுப்பில் என்னுடைய கணக்கு மார்க்கைப் பார்த்தவர்கள் இதற்கெல்லாம் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

அப்பா டிரெய்லர் ஓட்டினார். கடலூரில் ஒரு தொழிற்சாலையில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் வீடு வந்து சேர இருபது நாளாகும். வந்தால் இரண்டு நாள் இருப்பார். அதில் ஒன்றரை நாள் தூங்குவார். பிச்சாவரத்துக்குக் கூட்டிப்போய்ப் படகில் ஏற்றுவதாக அவர் எனக்கு வாக்குக் கொடுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எங்கள் கீரப்பாளையத்திலிருந்து பிச்சாவரம் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? என் வகுப்பில் எல்லாரும் போய்வந்துவிட்டார்கள். நானும் போனதாகச் சொல்லி, எங்கள் படகில் முதலை ஏறப் பார்த்ததாக அளந்து, அங்கே முதலையே இல்லையென்று தெரிந்த ஒருத்தியிடம் மாட்டிக்கொண்டேன். இனி உண்மையாகவே போனால்தான் மானம் மிஞ்சும்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு அப்பா, நீளமான பின்வண்டியைக் கடலூரிலேயே லோடு ஏற்ற விட்டுவிட்டு முன்வண்டியை மட்டும் வீட்டுக்கு ஓட்டிவந்தார். உடம்பை மறந்துவிட்டுத் தலை மட்டும் லீவில் வந்ததுபோல இருந்தது. அதன் முதுகில் லாட வடிவில் ஒரு பெரிய இரும்புத் தட்டு. பின்வண்டியின் முன்பாரம் முழுவதும் அதன்மேல்தான் உட்காரும். வளைவில் அதன்மேல்தான் தேய்ந்து சுழலும். அதற்காகத் தட்டு முழுக்கக் கிரீஸ் அப்பியிருக்கும். அந்தக் கிரீஸ் அப்பாவின் சட்டையில் தொடங்கி எங்கள் வீட்டுத் தலையணை உறைவரை குடியேறியிருந்தது.

“எதுல ஊற வெச்சாலும் இந்தக் கற போவ மாட்டேங்குது. அந்த எழவத் தடவாம ஓட்ட முடியாதா?” என்று அம்மா சட்டையை உதறினாள்.

“ஓட்டலாம். இரும்பும் இரும்பும் உரசுனா ஸ்டியரிங்க ஒடிக்கறதுக்குள்ள தோள்பட்ட கழண்டுடும். கிரீஸ் இல்லாம நான் ஒரு அடி எடுக்க மாட்டேன்” என்றார் அப்பா.

அவர் சொன்னதில் கடைசி வாக்கியம் மட்டும் என் காதில் தங்கியது.

பூஜை முடிந்து, பொரியும் சுண்டலும் தின்ற மயக்கத்தில் வீடே படுத்திருந்த மத்தியானத்தில் வண்டியின் முதுகில் ஏறினேன். தட்டைப் பளபளவென்று துடைத்தேன். சந்தேகம் வரக்கூடாதே என்று நடுவில் மூன்று சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்தேன். யார் கேட்டாலும் பக்தி என்று சொல்லிவிடலாம். சட்டையை வைக்கோலுக்குள் திணித்தேன்.

மறுநாள் காலை அப்பா வண்டியைச் சுற்றி வந்தார். பின்னால் போய் நின்று தட்டை ஒரு விரலால் தடவிப் பார்த்தார்.

“யார்ரா இதுக்குப் பொட்டு வெச்சது?”

“நான்தாம்ப்பா. ஆயுத பூஜைக்கு.”

பூஜைக்கு வந்திருந்த அம்மாவின் தம்பி, என் மாமா, விழுந்து விழுந்து சிரித்தார். “மச்சான், உம்புள்ள பெரிய பக்திமான்யா. முழங்கையப் பாரு, அபிஷேகமே பண்ணியிருக்கான்!”

அப்பா என் முழங்கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், “இன்னிக்குக் கெளம்ப முடியாது. கிரீஸ் இல்ல. விஜயதசமி, எவன் கட தொறந்து வெச்சிருப்பான்?” என்றார்.

“இன்னிக்குத்தான் மச்சான் நல்ல நாளுன்னு எல்லாரும் தொறப்பான். சிதம்பரத்துல தெரிஞ்ச கட இருக்கு, பைக்க எடுத்தன்னா அரை மணி நேரம்…”

“நீ சும்மா இரு மாப்ள.”

மாமாவின் பைக் கிளம்பக்கூடாதென்று நேற்றுப் பூஜையில் கும்பிட்ட அத்தனை ஆயுதங்களையும் மறுபடி கும்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு, அப்பா எதற்காக மாமாவை அடக்கினார் என்று யோசிக்க நேரமில்லை. அப்பா கடலூருக்கு போன் போட்டு, “வண்டில சின்ன வேல, நாளைக்கு வரேன்” என்றார். போனை வைத்துவிட்டு, “ஏண்டா, பிச்சாவரம் போலாமா?” என்றார்.

போனோம். நாற்பது டன்னை இழுக்கிற மனிதர் துடுப்புப் படகில் ஏறியதும் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “கவுந்துடாதேண்ணே?” என்று படகுக்காரரிடம் இரண்டு தடவை கேட்டார். சுரபுன்னைக் காட்டுக்குள் நுழைந்து வெயில் மறைந்ததும், என் மடியில் தலையை வைத்துத் தூங்கிப்போனார். எனக்கு அழுகையே வந்தது. வேரைப் பற்றிய நண்டையும் தலைக்குமேல் பறந்த கொக்கையும் யாரிடம் காட்டுவது? இதற்காகவா ஒரு சட்டையைப் பலி கொடுத்தேன்? கால் மரத்துப்போன பிறகும் ஆட்டாமல் உட்கார்ந்திருந்தேன் என்பது மட்டும்தான் அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். அந்தப் பாரத்துக்கு இன்றைக்கும் என் மடி ஏங்குகிறது.

இரண்டு வருடம் கழித்து, முதலாளி அந்தத் தட்டின்மேல் வழவழப்பான பிளாஸ்டிக் தகடு ஒன்றைப் பொருத்தினார். அதற்குக் கிரீஸே வேண்டாம், உரசலும் குறைவு. “ஸ்டியரிங் பூ மாரி திரும்புது” என்று அப்பா பூரித்தார். சட்டை வெளுத்ததில் அம்மாவுக்கு அதைவிடச் சந்தோஷம். நான் மட்டும் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். எனக்குத் தெரிந்த ஒரே தொழில்நுட்பத்தை ஒழித்துவிட்டார்கள்.

இப்போது அப்பா வண்டியை விட்டு இறங்கி, நாள் முழுக்க வீட்டில் இருக்கிறார். வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு, மாதத்தில் இரண்டு நாள் வந்து, அதில் ஒன்றரை நாள் தூங்குகிறவன் நான்தான். போன வாரம் போனில் பேசும்போது மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன். “அப்பா, அன்னிக்கு நான் பக்தியில தொடைக்கலப்பா. நீ போவக் கூடாதுன்னுதான் தொடச்சேன். என்னாலதான் ஒனக்கு ஒரு நாள் பொழப்பு போச்சு.”

“கிரீஸ் டப்பா ஒண்ணு எப்பவும் சீட்டுக்கு அடியில கெடக்கும்டா.”