அவர்கள் கட்டிய சாய்தளம்

கல்லூரியில் இடம் கேட்டுப் போன அன்றே என்னை வீட்டுக்குத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். கணிதத் துறைத் தலைவர் என் மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கமிருந்து எட்டி, என் வலது கால் எங்கே முடிகிறது என்று பார்த்தார்.

"ஏம்மா, தபால்ல படிக்கலாமே. இப்ப ஆன்லைன்லயே டிகிரி குடுக்குறாக. எதுக்கு இந்தச் செரமம்?"

கேள்வி என்னிடம் வந்தாலும் பதில் சொன்னது அம்மா. "வீட்டுல ஒக்காந்து படிக்கிறதா இருந்தா நாங்க ஏன் சாரு இங்கன வந்து நிக்கப்போறோம்?"

அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு மறுக்கவும் வழி இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, "நாளைக்கு வந்து அது வேணும், இது வேணும்னு நிக்கக் கூடாது" என்றார். அந்தக் கல்லூரி தேனிக்கு வெளியே, சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. அதன் பெயரை நான் சொல்லப்போவதில்லை. பயம் ஒன்றும் இல்லை. என்னால் அதற்கு இன்னொரு விளம்பரம் கிடைக்க வேண்டாம்.

காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லோரும் அதையேதான் கேட்கிறார்கள். எங்கள் ஊர் போடிக்குப் பக்கம். விடிவதற்கு முன்பே ஜீப்புகள் வந்து பெண்களை அள்ளிக்கொண்டு மலைமேல் ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகும். முழுப்பரீட்சை லீவில் நானும் அம்மாவோடு காய் எடுக்கப் போனேன். திரும்பி இறங்கும்போது ஒரு வளைவில் ஜீப் கவிழ்ந்தது. அம்மாவுக்குத் தோள்பட்டையில் அடி. என் கால் வண்டிக்கு அடியில் இருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இலவச முகாமில் கொடுத்த செயற்கைக் கால் வெயிலில் உரசிப் புண்ணாக்கியது. அதைப் பரணில் போட்டுவிட்டுக் கக்கத்தில் இரண்டு கட்டைகளை வைத்து நடக்கப் பழகிக்கொண்டேன். அம்மா இன்றைக்கும் அதே ஜீப்பில்தான் வேலைக்குப் போகிறாள். எப்படி மனசு வருகிறது என்று கேட்கிறவர்களிடம், "வேற வண்டி இருந்தாச் சொல்லுங்க, அதுல ஏறுறேன்" என்பாள்.

கணித வகுப்பு இரண்டாவது மாடியில். லிஃப்ட் இருந்தது. அதன் கதவில் ஒரு பூட்டு தொங்கியது. நிர்வாகத்து ஆட்கள் வந்தால் மட்டும் திறப்பார்கள். மற்றவர்களுக்குப் படிக்கட்டு. இரண்டு கட்டைகளையும் ஒரே கக்கத்தில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சுவர்ப்பக்கக் கம்பியைப் பற்றி, ஒவ்வொரு படியாக ஒற்றைக் காலைத் தூக்கி வைப்பேன். மேலே போவதற்குள் மூச்சு வாங்கும். அதற்குள் முதல் வகுப்பின் கதவைச் சாத்தியிருப்பார்கள். அந்த வகுப்பை எடுத்தவர் துறைத் தலைவரேதான். தாமதமாக வந்தால் ஆப்சென்ட் என்பது அவருடைய சட்டம். நான் வெளியே நின்று, கதவு வழியாகக் கேட்ட அளவுக்குக் குறிப்பெடுத்தேன்.

பருவத் தேர்வுக்கு முன்னால் வருகைப்பதிவு போதாது என்றார்கள். அவர் அறைக்குப் போனேன்.

"சார், லிஃப்ட் சாவிய வாட்ச்மேன்கிட்டக் குடுத்து வச்சா நான் நேரத்துக்கு வந்துருவேன்."

"ஸ்டாஃபுக்கே கெடையாது. ஒனக்கு மட்டும் தொறந்துவிட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாக."

"எல்லாருக்கும் ரெண்டு காலு இருக்கே சார்."

அவர் முகம் கறுத்தது. இப்படிப் பேசுகிற பிள்ளை வாழ்க்கையில் முன்னேறாது என்றார். அப்படியானால் வகுப்பைக் கீழே மாற்றுங்கள் என்று முதல்வரிடம் போய்க் கேட்டேன். முதல்வர் ஒத்துக்கொண்டார்; தேர்வு எழுதவும் விட்டார். வகுப்பு மாற்றத்தை வைத்தே துறைத் தலைவர் எனக்குப் பாடம் புகட்டிவிட்டார்.

கீழே அவர் தேர்ந்தெடுத்தது கேண்டீனை ஒட்டிய தகரக் கூரை அறை. பக்கத்தில் கிரைண்டர் ஓடும். பதினோரு மணிக்கு மேல் உட்கார முடியாது. முதல் நாள் வகுப்பில் எல்லோரும் துப்பட்டாவாலும் நோட்டாலும் விசிறிக்கொண்டிருந்தபோது, என்னைக் கைகாட்டி, "இந்தப் பிள்ளைக்காகத்தான் எல்லாரும் வெந்துக்கிட்டு இருக்கோம். பொறுத்துக்கங்க" என்றார். அவ்வளவு போதும். அன்றிலிருந்து என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. போடி பஜாரில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன் ஒருவன் பலகையில் 'நொண்டி வகுப்பு' என்று எழுதிவைத்தான். நான் கட்டையை ஊன்றிப் போய் அதை அழிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். வகுப்பெடுக்க வந்த மேடம் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் துடைத்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தார். அவன் எழுதியதைவிட அந்த மேடம் ஒன்றும் சொல்லாமல் துடைத்ததுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

சில வாரங்களில் வகுப்பே சேர்ந்து முதல்வரிடம் முறையிட்டது. மறுபடி இரண்டாவது மாடி. என்னை மட்டும் நூலகத்தில் உட்கார்ந்து படித்துக்கொள்ளச் சொன்னார்கள்; யாராவது குறிப்புகளைப் போனில் அனுப்புவார்கள் என்றார்கள். யாரும் அனுப்பவில்லை. நான் மறுபடி படி ஏறினேன். இந்த முறை முதல் பஸ்ஸைப் பிடித்து, பெருக்குகிறவர்கள் வருவதற்கு முன்பே வந்து, கதவைச் சாத்துவதற்குள் உள்ளே இருந்தேன். கக்கத்துத் தோல் உரிந்து சீழ் வைத்தது. அம்மா மஞ்சளும் எண்ணெயும் போட்டுவிட்டு, "விட்டுரலாமாத்தா?" என்று ஒரு தடவை கேட்டாள். நான் முறைத்ததைப் பார்த்து மறுபடி கேட்கவில்லை.

இரண்டாம் ஆண்டில் கல்லூரிக்குத் தரம் போட ஒரு குழு வரப்போகிறது என்றார்கள். அதுவரை ஒரு கை சிமெண்டுக்கு வழி இல்லாதவர்கள் ஒரே வாரத்தில் முன்வாசலில் சாய்தளம் கட்டினார்கள். பளபளக்கும் கம்பி, நீல நிறப் பலகை, அதில் சக்கர நாற்காலிப் படம். அந்தச் சாய்தளம் முதல்வர் அறை வரைதான் போனது. வகுப்பறைப் பக்கமே போகவில்லை.

துறைத் தலைவர் என்னை முதல்முறையாக உட்காரச் சொன்னார்.

"குழு வார அன்னைக்கு நீ சாய்தளத்துக்கிட்ட இருக்கணும்மா. புதுசா வீல்சேர் வாங்கியிருக்கு. அதுல ஒக்காந்து ரோஜாப்பூக் குடுத்து வரவேற்கணும்."

"நான் வீல்சேர்ல போறதில்லையே சார்."

"அன்னைக்கு மட்டும். போட்டோவுக்கு."

சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அதை அவர் தனக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கொண்டார்.

அன்று சாய்தளத்தின் ஓரத்தில் என் கட்டைகளோடு நின்றேன். வீல்சேர் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பக்கத்தில் கிடந்தது. துறைத் தலைவர் தூரத்திலிருந்து கண்ணை உருட்டினார். பூவைக் கொடுத்தேன். குழுவில் வந்த ஒரு பெண்மணி, வெளியூர்க்காரர், வாங்கிக்கொண்டு, "எந்த டிபார்ட்மெண்ட்?" என்று கேட்டார்.

"மேத்ஸ், மேடம். ரெண்டாவது மாடி. இப்ப எனக்கு கிளாஸ் இருக்கு. வர்றீங்களா, காட்டுறேன்."

முதல்வர் சிரித்துக்கொண்டே, "லிஃப்ட்ல போகலாம் மேடம்" என்றார். ரோஜா நிறத்தில் பெயிண்ட் அடித்த லிஃப்ட், பூட்டு இல்லாமல் திறந்திருந்தது.

"நான் எப்பவும் படியிலதான் போவேன்" என்றேன். "பூட்ட இன்னைக்குத்தான் எடுத்துருக்காக."

ஏற ஆரம்பித்தேன். அந்தப் பெண்மணி லிஃப்ட் பக்கம் பார்த்துவிட்டு என் பின்னால் வந்தார். அவர் வந்ததால் குழு வந்தது. குழு வந்ததால் முதல்வரும் துறைத் தலைவரும் வந்தார்கள். குறுகலான படி; என்னைத் தாண்டிப் போக யாருக்கும் இடமில்லை. நான் வேகம் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. என் மூச்சும் கட்டை கல்லில் படுகிற சத்தமும் மட்டும் கேட்டன. திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினேன். எல்லோரும் நின்றார்கள். பின்னால் யாரோ நாற்காலி எடுத்து வரவா என்று முணுமுணுத்தார்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் அந்தப் பெண்மணி, "தினமும் இப்படியா?" என்று கேட்டார். "வகுப்பு உள்ள நாளெல்லாம்" என்றேன். துறைத் தலைவரின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அவரைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை.

குழு என்ன எழுதியது என்று எனக்குத் தெரியாது. கல்லூரி எதிர்பார்த்த தரம் கிடைக்கவில்லை, அதற்குக் காரணம் நான்தான் என்று பேசிக்கொண்டார்கள். துறையிலேயே போடும் என் அக மதிப்பெண்கள் அந்தப் பருவத்தில் சரிந்தன. லிஃப்ட் மட்டும் பூட்டப்படவில்லை. ஆனால் அதைத் திறந்துவைத்ததும் ஆசிரியர்களும் பையன்களும் அதில்தான் ஏறினார்கள். நான் போய்ச் சேருவதற்குள் நிரம்பிவிடும். ஒருவரும் இறங்க மாட்டார்கள். ஒரு வாரம் பார்த்தேன். பிறகு கதவு மூடுகிற இடத்தில் கட்டையை நீட்டினேன். யாராவது ஒருவர் இறங்குகிறவரை அது மூடாது. திட்டினார்கள். திட்டட்டும். வகுப்புக்கு நேரத்துக்குப் போனேன்.

கடைசிப் பருவம் முடிந்து முடிவு வந்தபோது, துறையில் இரண்டாவது மதிப்பெண் என்னுடையது. சான்றிதழ் வாங்கப் போன அன்று அம்மாவும் தோட்ட வேலைக்கு லீவு போட்டு வந்தாள். துறைத் தலைவர் அவளைப் பார்த்துக் கைகூப்பினார். "ஒங்க பொண்ணுக்கு இந்தக் காலேஜ் எவ்வளவு ஒத்துழைச்சுச்சுன்னு அதுக்கே தெரியும்" என்றார்.

நான் சான்றிதழை வாங்கித் தோள்பையில் வைத்தேன். கட்டைகளை வாசல் பக்கம் திருப்பினேன்.

பஸ் ஸ்டாப்பில் அம்மா வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். "பெரிய மனுசரு. நன்றின்னு ஒரு சொல்லுச் சொல்லிட்டு வந்துருக்கலாம்லத்தா."

"எதுக்கும்மா?"

"எடம் குடுத்தாகல்ல."

"குடுக்கல. நாம நின்னு வாங்குனோம்."

நான் சொன்னதை அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மதுரையில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்துப் போனபோதும், நல்ல பேர் எடுக்க வேண்டும், யாரையும் எதிர்த்துப் பேசக் கூடாது என்றுதான் சொல்லி அனுப்பினாள். நான் சரி என்று சொல்லவில்லை.