பனிக்கால டயரும் பெயர் சொல்ல முடியாத வாடிக்கையாளரும்

“மெல்பேணில் இருந்துகொண்டு ஒருவன் பனிக்கால டயர் வாங்குகிறான் என்றால், மலையில் அவனுக்கு யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று அர்த்தம்.”

ஸ்பிரிங்வேல் ரயில் நிலையத்தில் எனக்கு முன்னால் நின்ற இருவரில் ஒருவர் சொன்னார், மற்றவர் சிரித்தார். நான் சாப்பாட்டுப் பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தேன். நான் பனிக்கால டயர் விற்கிறவள். மலையில் எனக்கும் ஒருவர் இருந்தார். அவர் என் கணவர்.

டயர்க் கடை என்பது, மற்றவர்கள் பயணம் போவதற்காக நாம் ஒரே இடத்தில் நிற்கிற தொழில். எந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் இது புரியும். உங்களை நம்பித்தான் எழுதுகிறேன். எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் வந்து இறங்கிய புதிது; அந்த வருடக் குளிர் முடிகிற நேரம். இவருக்கு வடகிழக்கே மலைக்குள் ஒரு நீர்மின் நிலையத்தில் எஞ்சினியர் வேலை. அங்கே தனி ஆண்களுக்கான விடுதியில்தான் இடம் இருந்தது; குடும்பத்துக்கு வீடு வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும். அதுவரை நான் மெல்பேணின் நோபல் பார்க் பகுதியில் தெரிந்த அன்ரி ஒருவரின் வீட்டுப் பின்னறையில் இருந்தேன். இவர் ஒரு சனி விட்டு ஒரு சனி பழைய காரில் மலையிறங்கி வருவார். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்ட கை காயுமுன் திரும்பிவிடுவார். இடையில் வருகிற நாட்களை எங்கேயாவது கொண்டுபோய்த் தள்ள வேண்டியிருந்தது. அதற்காகத்தான் வேலைக்குப் போனேன்.

பனி படித்தவள்

கடை முதலாளி கென், மேசையில் கால் போடாத குறையாக உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்டார். டயர் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அது வட்டமாக இருக்கும் என்று தெரிந்தால் மிச்சத்தைச் சொல்லித் தரலாம் என்றார். என் பெயர் யோகாம்பிகை. இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, “யோ” என்று சுருக்கிக்கொண்டார். அந்த நிமிடத்திலிருந்து கடையில் எனக்கு ஒரே ஓர் எழுத்துத்தான்.

பிறகு கண்ணாடிக் காட்சிப் பெட்டியைக் காட்டினார். இரண்டு பனிக்கால டயர்களை நிறுத்தி, சுற்றிப் பஞ்சைப் பரப்பிப் பனி போலச் செய்திருந்தார்கள். பஞ்சில் தூசி படிந்திருந்தது. அதைப் புதிதாகப் பரப்புவதுதான் என் முதல் வேலை. பனி எப்படிக் கிடக்கும் என்று தெரியாமல், தலையணைக்கு அடைப்பது போல அமுக்கி அமுக்கி வைத்தேன். “உனக்குப் பனி தெரியுமா?” என்று கேட்டார். பூமிசாஸ்திரத்தில் பட்டம் பெற்றவள் நான். பனிக்கோடு எந்த உயரத்தில் தொடங்கும், எந்தக் காற்றில் பனி விழும் என்று பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். “படித்திருக்கிறேன்” என்றேன். கென் சிரிக்கவில்லை.

“பரவாயில்லை. இங்கே வந்து வாங்குகிற பாதிப் பேர் அதுகூடச் செய்ததில்லை.”

நவம்பர் மனிதர்

நவம்பரில் ஒரு பெரியவர் வந்தார். வெளியே வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. கடையில் காற்றாடி சுழன்றது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பனிக்கால டயர் வேண்டும் என்றார். பின்லாந்துக்காரர்; அவர் ஊரில் நவம்பரில்தான் பனி தொடங்குமாம். இந்த நாட்டுக்கு வந்து தலை நரைத்துவிட்டது. இருந்தாலும் ஒவ்வொரு நவம்பரும் வருவாராம். டயர் பூட்டுகிற ஸ்டாவ்ரோஸ் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, “வந்துவிட்டாரா? அப்போது கோடை தொடங்கிவிட்டது” என்று சத்தமாகச் சொன்னான்.

நான் எல்லாருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னேன். இங்கே குளிர் ஜூனில்தான். ஏப்ரல் கடைசியில் வாங்கி வையுங்கள், மே மாதத்தில் பூட்டுங்கள், ஜூன் நீண்ட வார இறுதிக்கு முன் கட்டாயம் முடித்துவிடுங்கள்; அந்த வாரம் ஊரே மலைக்கு ஓடும். செப்டெம்பர் போனதும் கழற்றிவிட வேண்டும், சூடான ரோட்டில் டயரில் வெட்டியிருக்கிற ஆழமான வரிகளெல்லாம் வீணாகத் தேய்ந்துவிடும். அவர் பள்ளிப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார். எல்லாம் தெரியும், ஆனால் நவம்பர் பிறந்ததும் கை தானாக டயரைத் தேடுகிறது என்றார். எனக்கு அது விளங்கியது. மார்கழியில் வியர்த்து, ஆடியில் பல் கிட்டுகிற ஊரில் என் உடம்பும் நாள் தெரியாமல்தான் தடுமாறிக்கொண்டிருந்தது. உங்கள் ஊரில் எந்த மாதம் டயர் மாற்றுவீர்கள் என்று கேட்டார். எங்கள் ஊரில் பனி விழாது என்றேன். தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

“அப்படியென்றால் உனக்கு எந்த மாதத்தில் ஊர் நினைவு வரும்?”

முன்னாலா, பின்னாலா

டயர் விற்கிறவர்களுக்குத் தலைவிதி ஒன்றுதான்: வாங்க வருகிறவருக்கு ஏற்கனவே எல்லாம் தெரிந்திருக்கும். ஒரு மனிதர் மனைவியோடு வந்து இரண்டே இரண்டு பனிக்கால டயர் கேட்டார். நான்கையும் ஒரே வகையாகப் போடுவதுதான் நல்லது, முன்னால் ஒரு வகை பின்னால் ஒரு வகை என்றிருந்தால் வளைவில் கார் ஒரு பக்கம் நினைக்கும், நீங்கள் ஒரு பக்கம் நினைப்பீர்கள் என்று மெதுவாகச் சொன்னேன். இரண்டு போதும், முன்னால் பூட்டு என்றார். ஸ்டியரிங் அங்கேதானே இருக்கிறது?

அவருடைய காரில் எஞ்சின் சுற்றுவது பின்சக்கரங்களைத்தான். இரண்டுதான் என்றால் பின்னால்தான் போட வேண்டும். அதை அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல், ரசீதுப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் ஸ்டாவ்ரோஸைக் கூப்பிட்டு, “இந்தப் பெண் சொல்வது சரியா?” என்று கேட்டார். சரி என்றான். கென்னைக் கூப்பிட்டார். சரி என்றார். பக்கத்தில் நின்ற மனைவி கைப்பையைத் திறந்து உதட்டுச் சாயத்தை எடுத்தார்.

“இருபது வருடமாகிறது. பின்னால் இருந்து தள்ளுவது யார் என்று இவருக்கு இன்றைக்காவது தெரிந்ததே.”

மூடி திறக்காத பெட்டி

டயர் வேண்டாம், ஒரு நாளைக்குத்தானே என்கிற இளசுகள் சங்கிலி வாங்குவார்கள். பனி தொடங்கும் இடத்தில் காரை நிறுத்தி, சக்கரத்தில் சுற்றிக் கொளுவுகிற சங்கிலி. வீட்டில் ஒரு தடவை பழகிவிட்டுப் போங்கள், குளிரில் விரல் வேலை செய்யாது என்று நான் சொல்வேன். என் விரல் அந்தக் குளிரைத் தொட்டதே இல்லை. நான் சேர்ந்த புதிதில், செப்டெம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். “நீ பனியே பார்த்ததில்லையா? இதையெல்லாம் விற்றுக்கொண்டு?” என்று கவுண்டரில் அடித்துச் சிரித்தாள். உனக்குக் கொண்டுவருகிறேன் என்று போனாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில் நிஜமாகவே வந்தாள். ஐஸ் பெட்டி ஒன்றைத் தூக்கிக் கவுண்டரில் வைத்தாள். கென், ஸ்டாவ்ரோஸ், நான் மூவரும் குனிந்தோம். மூடியைத் திறந்தால் அரைப் பெட்டி தண்ணீர். அதில் ஒரு பைன் இலை மிதந்தது. அந்தத் தண்ணீர் இவர் இருக்கிற பக்கத்து மலையிலிருந்து வந்தது. எல்லாரும் போன பிறகு அதில் கை வைத்துப் பார்த்தேன். ஆனால் மூடியைத் திறந்தபோது அந்தப் பெண்ணின் முகம்தான் பாவமாக இருந்தது.

“சத்தியமாக வழியில் ஒரு தடவைகூட நான் திறந்து பார்க்கவில்லை!”

எந்த அவர்?

மறு வருடம் ஏப்ரலில் இவர் ஒரு சனிக்கிழமை சொன்னார்: “இஞ்சரும், ஜூன் பிறந்தால் மேலை ரோட்டு முழுக்க ஐஸ். போன வருசம் ரெண்டு பேர் காரைப் பள்ளத்துக்குள்ளை விட்டவை. புரட்டாதி வருமட்டும் நான் வரேலாது போலை கிடக்கு.”

நான் குசினியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். “டயர் மாத்தினால் வரலாம். நாலையும் ஒரே வகையாய்ப் போடச் சொல்லித்தான் கடையிலை எல்லாருக்கும் சொல்லுறனான்” என்று தோசைக்கல்லிடம் சொன்னேன்.

“உந்த மூண்டு மாசத்துக்கு ஆரும் டயர் மாத்துவினமோ? வீண் வேலை” என்றார்.

முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் எப்போது பூட்டுவது, எதைப் பூட்டுவது என்று நாள் முழுக்கச் சொல்கிறவள் நான். அன்றைக்குத் தோசையைத் திருப்பிப் போட்டேன். டயர் மாற்றுங்கள் என்றால், வாருங்கள் என்று கேட்பதாகிவிடும். கேட்டு வருவது ஒன்று, தானாக வருவது ஒன்று. இவர் வராமல் இருக்கப்போவது ரோட்டினாலா, அல்லது வரத் தோன்றாததாலா? அதை அறியத்தான் எனக்கு ஆசை; அறியத்தான் பயமும்.

திங்கட்கிழமை கென்னிடம், இவருடைய கார் அளவில், என் கைக்காசுக்கு எட்டிய இரண்டு பனிக்கால டயர் எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டேன். எங்கள் கடையில் எடுத்து வைக்கிற டயரில் வாடிக்கையாளரின் பெயரை வெண்கட்டியால் எழுதிவிடுவோம். நீண்ட வார இறுதிக்கு முந்திய சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கடை மூடும்வரை அது அவருக்கு. அதற்குப் பிறகு கேட்கிறவருக்கு. கென் வெண்கட்டியை எடுத்துக்கொண்டு, “யார் பெயரில்?” என்றார்.

“அவருக்கு” என்றேன்.

“எந்த அவர்?”

நான் கவுண்டரைத் துடைத்தேன். கட்டின புருஷனின் பெயரை வாயால் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. இவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “இஞ்சரும்” என்பார், நான் திரும்புவேன். ஸ்டாவ்ரோஸ் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு, “அவர் என்பதே ஒரு பெயரா? உங்கள் ஊரில் எல்லா ஆண்களுக்கும் அதே பெயரா?” என்று கேட்டான். நான் கென்னின் கையிலிருந்து வெண்கட்டியை வாங்கிக் குந்தியிருந்து, இரண்டு டயரிலும் இவருடைய பெயரைத் தமிழில் எழுதினேன். எழுதியபோது காது இரண்டும் சுட்டது. இதை யார் படிப்பது என்று கென் கேட்டார். அவர் வந்தால் படிப்பார் என்றேன்.

“வராவிட்டால்?”

பன்னிரண்டு மணிக்கு முன்னால்

வெண்கட்டி தூசியில் மங்கும். யாரும் பார்க்காத நேரத்தில் அந்த எழுத்துகளின் மேல் திரும்ப ஒரு தடவை இழுத்துவிடுவேன். மே மாதத்தில் அன்ரி வீட்டுத் தொலைபேசியில் இவர் பேசினார். அங்கே குளிரோ என்று கேட்டேன். ஓம் என்றார். எனக்குச் சுகமோ என்று கேட்டார். ஓம் என்றேன். பக்கத்துக் கதிரையில் இருந்த அன்ரி, “இதுக்கோ பிள்ளை இவ்வளவு நேரம் ரெலிபோனுக்குப் பக்கத்திலை காவல் இருந்தனீ?” என்றார்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. இவர் வருகிற சனிதான். ஆனால் குளிருக்கு முன் கடைசி வரவு என்று ஏற்கனவே சொல்லியிருந்தார். உடுப்பெல்லாம் எடுத்துப்போகத்தான் வருகிறார். காலை முழுவதும் கடையில் தள்ளுமுள்ளு. அடுக்குகள் காலியாகிவிட்டன. பதினொன்றரைக்கு ஓர் ஆள் வந்து, இவருடைய டயர் இரண்டையும் காலால் தட்டிப் பார்த்தார். அவருக்கும் அதே அளவு. “இது என்ன எழுத்து? யாருடையது?” என்றார். பன்னிரண்டுக்கு ஆள் வராவிட்டால் உங்களுடையது என்றார் கென். அந்த மனிதர் அங்கேயே அதில் ஒரு டயரின் மேல் உட்கார்ந்துகொண்டார். காட்சிப் பெட்டியில் இருக்கிற அதே அளவு இரண்டைத் தரக்கூடாதா என்றும் கேட்டுப் பார்த்தார். பருவம் முடியும்வரை அது விற்பனைக்கு இல்லை என்பது கென்னின் சட்டம். சொந்தத் தம்பிக்கே கொடுத்ததில்லை.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் இருக்கையில், சேறு தெறித்த கார் ஒன்று வாசலில் நின்றது. இவர் அதற்கு முன் கடைக்கு வந்ததில்லை. உள்ளே வந்து, என்னைத் தேடி, “இஞ்சரும், அன்ரி வீட்டுக்குப் போக முன்னம் உம்மையும் ஏத்திக்கொண்டு போவமெண்டு…” என்று தொடங்கியவர் நின்றுவிட்டார். அந்த மனிதரின் கால்களுக்கு இடையில் இவருடைய பெயர் தெரிந்தது.

“உது ஆர் எழுதினது?”

“நான்தான்.”

“எப்ப?”

“சித்திரையிலை.”

இவர் குனிந்து, அந்த எழுத்தின் மேல் விரல் வைத்துப் பார்த்தார். முந்தின நாள் நான் திரும்ப இழுத்துவிட்ட வெண்கட்டி விரலில் ஒட்டியது. பிறகு உட்கார்ந்திருந்த மனிதரிடம், மன்னிக்க வேண்டும், இது என்னுடையது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர் எழுந்தார். ஸ்டாவ்ரோஸ் உள்ளேயிருந்து, “யோ! அவர் என்பவர் இவர்தானா?” என்று கத்தினான்.

இவர் என்னைப் பார்த்தார். “ரெண்டுதானோ? நாலும் ஒரே வகையாய் இருக்கோணும் எண்டு நீர்தானே எல்லாருக்கும் சொல்லுறனீர்?”

நான் கென்னைப் பார்த்தேன். கென் காட்சிப் பெட்டியைப் பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பஞ்சுக்குள் ஏறி, அங்கே இருந்த இரண்டையும் இறக்கி உருட்டிவிட்டார். எங்கள் கடை வழக்கப்படி பெயர் எழுதாமல் ஒரு டயரும் பூட்ட உள்ளே போகாது. இவர் என் கையிலிருந்த வெண்கட்டியை வாங்கிக் குந்தியிருந்து, பஞ்சு ஒட்டியிருந்த அந்த இரண்டு டயரிலும், ஓர் எழுத்தும் விடாமல், யோகாம்பிகை என்று எழுதினார்.