திருப்பி எடுக்கலாமோ

யோகராணி அக்கா இறந்து ஐந்து வாரமாகிறது. அவர் குரலை நேற்றும் கேட்டேன்.

கடல் கடந்து வந்து கிளேட்டனில் நாங்கள் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில், பாலியல் அத்துமீறல் கொள்கையை மத்திய அரசின் புதிய விதிகளுக்கு ஏற்பத் திருத்தும் பொறுப்பு அவருடையது. மாணவர் உதவி எண்ணில் தமிழில் கேள்வி கேட்கும் குரலும் அவருடையதுதான். அழைப்பவரின் பதில் மட்டும் பதிவாகும்.

ஒருநாள், பதிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுக்கக் கோவையிலிருந்து புதிதாக வந்திருந்த ஸ்ருதி சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள்.

"அக்கா, வாரா வாரம் ஒரு பொண்ணு போன்ல மந்திரம் சொல்றா. பேய்ப்படம் மாதிரியே இருக்கு. அழிச்சிடட்டுமா?"

பதிவைப் போட்டாள். நீண்ட அமைதி. மூச்சு. "ஓம்." மறுபடி அமைதி. "ஓம்."

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். பதிவை மீண்டும் ஓடவிட்டு, இடைவெளிகளில் தன் கேள்விகளைத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"உங்களை ஆரும் பலவந்தப்படுத்தினவையோ?"

"ஓம்."

"அந்த ஆளை இப்பவும் காணுறனீங்களோ?"

"ஓம்."

அது மந்திரமல்ல, யாழ்ப்பாணத்து 'ஆமாம்' என்று புரிந்ததும் ஸ்ருதியின் சிரிப்பு நின்றது.

"உங்கட பெயர் என்ன?"

மூச்சு மட்டும். பிறகு இணைப்பு அறுந்தது.

பழைய கொள்கைப்படி, பெயரும் புகாரும் இல்லாத அழைப்பு அழைப்பே அல்ல. எண் திரையில் தெரிந்தும் திருப்பி அழைக்கக்கூடாது. அதை மாற்ற வேண்டும் என்று அக்கா குழுவில் வாதாடினார். "பெயரில்லாதவர்களுக்கு எழுதினால் பேய்களுக்கும் எழுதவேண்டி வரும்" என்று தலைவர் கேலி செய்தாராம்.

"பேயெண்டா பயப்படாது. இது பயந்துபோய்க் கிடக்கிற பிள்ளை," என்றார் அக்கா எங்களிடம்.

பெயர் இல்லாவிட்டாலும் சம்மதம் கேட்டுத் திருப்பி அழைக்கலாம் என்ற புதிய விதி நிறைவேறிய அன்றே, பெயர் கேட்கும் கேள்வியை நீக்கிவிட்டு வேறொன்றைப் பதிவு செய்தார்: "நாங்கள் திருப்பி எடுக்கலாமோ?" அடுத்த வாரம் தூக்கத்திலேயே போய்விட்டார்.

நேற்று, புதிய கொள்கை நடைமுறைக்கு வந்தபின் முதல் அழைப்பு. அக்காவின் குரலுக்கு அவள் பதில் சொல்வதை லைனிலேயே கேட்டேன். ஓம். ஓம். வெகுநேரம் கழித்து, மூன்றாவதாக ஒரு ஓம்.

நான் திருப்பி அழைத்தேன்.

"கேள்வி கேக்கிற மற்ற அன்ரி இல்லையோ?"

"அவங்கதாம்மா என்னைக் கூப்பிடச் சொன்னாங்க."

"லைனில நிக்கிறாவோ? இன்னொரு மூச்சுக் கேக்குது."

அறையில் நான் மட்டுமே இருந்தேன். என் மூச்சை அடக்கினேன். அந்த மூச்சு நிற்கவில்லை.

"பரவாயில்லை, அவ நிக்கட்டும்," என்றாள். பிறகு தன் பெயரைச் சொன்னாள்.