வைஃபை இல்லாத கேமரா

குணமணிக்கு வயது அறுபத்து நான்கு. அதில் முப்பத்தோராண்டுகள் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு பிறர் குரலைக் கேட்டுத் தட்டச்சு செய்வதில் போயின. சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேசில் ஒரு வழக்கறிஞர் அலுவலகம். வக்கீல்கள் கடிதங்களைப் பேசிப் பதிவுசெய்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். குணமணி கேட்டுக் கேட்டு அடிப்பார். யார் முந்தின நாள் பல் பிடுங்கிக்கொண்டவர், யார் தனக்கே நம்பிக்கையில்லாத வழக்கைப் பேசுகிறார் என்பதெல்லாம் முகம் பார்க்காமலே அவருக்குத் தெரியும்.

கணவர் இராஜசிங்கத்தின் தொண்டையில் ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்ததும் அந்தக் காதுதான். "சளிலா, வேற ஒன்னுமில்ல" என்றார் அவர். சளியின் கரகரப்பு வேறு, இது வேறு என்று குணமணி அவரை இழுத்துக்கொண்டு போனார். சோதனைகள் முடிந்ததும் மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும். கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு. பிறகு பேசுவதற்குப் பயிற்சி உண்டு, கருவியும் உண்டு. ஆனால் இந்தக் குரல் திரும்பி வராது. அறுவைச் சிகிச்சைக்கு வியாழக்கிழமை நாள் குறித்தார்கள்.

அந்தக் குரல் ஒன்றும் மேடைக் குரல் இல்லை. இராஜசிங்கம் துறைமுகத்தில் சரக்குக் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் கிளமெண்டி வீட்டின் சாப்பாட்டு மேசையில் பத்திரிகையை விரித்து, மரண அறிவித்தல்களை மட்டும் உரக்கப் படிப்பார். படித்துவிட்டு விமர்சனமும் செய்வார். "எழுபத்தொன்பதாம். படத்தப் பாரு, நாப்பது வயசுல எடுத்தது. ஏமாத்து வேல." நடுவில், "குணம், டீ எங்க?" அவ்வளவுதான். பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் காலைச் சத்தம் என்பது அதுதான். அதைப் பிடித்து வைக்க வேண்டும் என்று குணமணி முடிவு செய்தார்.

கைத்தொலைபேசியில் பிடிக்கலாமே என்று யாரும் கேட்பார்கள். அவர் பிடித்துப் பார்த்தார். அந்தத் தொலைபேசியைப் பழக்கிக் கொடுத்தவன் கணவரின் தங்கை மகன் வசீகரன். வீடு வாங்கி விற்கும் ஏஜெண்ட். "உங்களுக்கு ஈஸியா இருக்கட்டும் மாமி" என்று அவர் எடுக்கும் எல்லாமே குடும்பத்துக்குப் பொதுவான ஓர் ஆல்பத்தில் தானாகப் போய் விழும்படி செய்து வைத்திருந்தான். டொரொண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் யாழ்ப்பாணத்துச் சொந்தங்கள் எல்லோருக்கும் அந்த ஆல்பம் திறந்திருந்தது. எடுத்த மறுநாள் தொலைபேசி தானே ஒரு படம் செய்து காட்டியது: இராஜசிங்கத்தின் வீங்கிய கழுத்து, சந்தையில் வாங்கிய இறால், மருத்துவமனைச் சீட்டு, மறுபடி கழுத்து. பின்னால் துள்ளலாக ஓர் இசை. கடைசியில் இதயம் ஒன்று மிதந்து மேலே போனது. குணமணி தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கை கழுவினார்.

அதைவிடக் கேவலம் ஒன்று முன்பே நடந்திருந்தது. சோதனைக்காக இராஜசிங்கம் மருத்துவமனையில் ஒரு நாள் தங்கியபோது, வாய் திறந்து மயக்கத்தில் கிடந்தவரை வசீகரன் படம் பிடித்து, புல்லாங்குழல் சேர்த்துக் குடும்பக் குழுவில் போட்டான். இரண்டு நாள் கழித்து லண்டனிலிருந்து பேசிய ஓர் உறவினர், "அந்தப் பச்சைச் சட்டையில மெலிஞ்சு போனார்" என்று பரிதாபப்பட்டபோதுதான் குணமணிக்கு விஷயம் தெரிந்தது. ஒருவர் நினைவில்லாமல் கிடப்பதைக் காலைக் காப்பியோடு பார்த்து, கூப்பிய கை ஒன்றை அனுப்பிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். அன்று முழுவதும் அவரால் சாப்பிட முடியவில்லை.

ஆகவே கேமரா ஒன்று வாங்க வேண்டும். கையடக்கமானது, வீட்டுக்கானது, எவனுக்கும் எதையும் அனுப்பாதது.

சனிக்கிழமை சிட்டி ஹால் பக்கம் போனார். கேமராக் கடைகள் நிறைந்த பழைய கட்டடம். முதல் கடையில் விற்பனையாளர் ரகுபதி, கழுத்து நிறைய அடையாள அட்டைகளோடு வந்தான்.

"வ்லாக் பண்ணப் போறீங்களா ஆன்ட்டி?"

"வீட்டுல வச்சு எடுக்கணும். பேசுறது தெளிவா கேக்கணும்."

"ஹோம் வீடியோ! இத பாருங்க." சிறிய கேமரா ஒன்றை அவர் பக்கம் திருப்பி, திரையை மடித்துக் காட்டினான். திரையில் ஒரு பெண் இருந்தாள். கன்னம் மெழுகு போல, கண் பெரிதாக, மூக்கோரத்து மருவைக் காணோம்.

"யாரு இது?"

"நீங்கதான்! பியூட்டி மோட். பத்து வயசு குறைச்சிட்டேன்."

"குறைக்கச் சொன்னனா?"

"எல்லாருக்கும் புடிக்கும் ஆன்ட்டி."

"கறிக்கடைல கூட தோல உரிக்கிறதுக்கு முன்னாடி கேட்டுட்டுத்தான் உரிக்கிறான்" என்றார் குணமணி. ரகுபதி சிரித்தான், அவர் சிரிக்கவில்லை. அந்த மெழுகு முகம் திரையில் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதை அணைக்கச் சொன்னார்.

அடுத்த கடையில் ஒரே அழுத்தலில் நேரலை போகலாம் என்றார்கள். அதற்கடுத்த கடையில், பின்னணியில் கடற்கரை வைக்கலாம் என்றார்கள். வீட்டுச் சுவருக்கு என்ன குறை என்று கேட்டுவிட்டு வெளியே வந்தார். மூன்று கடையிலும் ஒருவர்கூட ஹெட்செட் செருகும் துளை எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. படம் பேசுவதைக் கேட்க ஒருவன் ஏன் விரும்புவான் என்பதே அவர்களுக்குப் புரியவில்லை.

கடைசியாக லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பெட்டி கட்டும் பெல்ட்டிலிருந்து சோற்றுக் குக்கர் வரை விற்கும் கடைக்குள் போனார். மின்சாதனப் பகுதியில் முனீரா என்ற இளம்பெண் நின்றாள்.

"வைஃபை இல்லாத கேமரா இருக்கா?"

முனீரா தலையைச் சாய்த்தாள். "எல்லாரும் இருக்கான்னு கேப்பாங்க. நீங்க இல்லையான்னு கேக்குறீங்க."

"இல்லாததுதான் வேணும். புளூடூத்தும் வேணாம்."

"அப்ப பழைய ஸ்டாக்தான் ஆன்ட்டி. தூசியா இருக்கும்."

"தூசிய தொடச்சுக்கலாம்."

கீழ்த்தட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் கேம்கார்டர். பக்கவாட்டில் திறக்கும் திரை, நினைவட்டைக்கு ஒரு பிளவு, மைக்குக்கு ஒரு துளை, ஹெட்செட்டுக்கு ஒரு துளை. குணமணி தன் கைப்பையிலிருந்து அலுவலகக் காலத்து ஹெட்செட்டை எடுத்துச் செருகினார்.

"ஏதாவது பேசும்மா."

"என்ன பேச?"

"காலைல என்ன சாப்ட்ட?"

முனீரா ரொட்டிப் பிராட்டாவைப் பற்றிப் பேசினாள். ஊருக்குக் காசு அனுப்ப வந்த தொழிலாளிகளும் சேலை வாங்க வந்த கூட்டமும் இடித்துக்கொண்டு போகும் வழியில் குணமணி கண்ணை மூடி நின்றார். "பஸ் சத்தந்தான் பெருசா கேக்குது. சட்டைல குத்துற மைக் இருக்கா?" இருந்தது. குத்திப் பார்த்தார்கள். இப்போது பஸ் தள்ளிப் போனது. பிராட்டாக் கடைக்காரர் குழம்பு குறைவாக ஊற்றியதைச் சொல்லும்போது முனீராவின் மூச்சில் ஏறிய சிறு கோபம்கூடக் கேட்டது.

"இது போதும்" என்றார் குணமணி.

ஞாயிறு மாலை அவர் கேமராவைச் சாப்பாட்டு மேசையில் வைக்கப் போகும்போது கதவு தட்டப்பட்டது. வசீகரன். ஒரு கையில் வீடுகளைப் படம் பிடிக்க வைத்திருக்கும் வட்ட விளக்கு. மறு கையில் கேம்பல் லேன் பூக்கடையிலிருந்து ரோஜாவும் சம்பங்கியும் கட்டிய ஆள் உயர மாலை.

"யார் சொன்னா இவனுக்கு?"

"நான்தான்" என்றார் இராஜசிங்கம் குற்ற உணர்வோடு. "ஃபோன்ல கேட்டான், சொல்லிட்டேன்."

"மாமாவோட குரல் மாமி. சும்மா பனியன்ல உக்காந்து பேசினா நல்லாவா இருக்கும்?" வசீகரன் மேசையை நகர்த்தினான். சாமி அறையிலிருந்து குத்துவிளக்கைத் தூக்கி வந்து நாற்காலிக்கு முன்னால் ஏற்றினான். சிரமம் என்னவென்றால், இராஜசிங்கத்துக்கும் அது பிடித்திருந்தது. வீடியோ என்றால் வேட்டி கட்ட வேண்டும் என்று நினைக்கும் தலைமுறை. பட்டு வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, மாலையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

குணமணி மைக்கைக் குத்தினார். சம்பங்கி வாசம் மூக்கில் ஏறியது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பதிவை ஓடவிட்டார்.

"அன்பார்ந்த உறவினர்களே, நண்பர்களே" என்று தொடங்கினார் இராஜசிங்கம். "இறைவனின் திருவருளால் இத்தருணத்தில்..."

காதுக்குள் யாரோ ஒரு தலைவர் பேசினார். முப்பத்தோராண்டில் இப்படிப்பட்ட குரல்களை குணமணி நிறையவே அடித்திருக்கிறார். எழுதி வைத்துப் படிப்பவனின் குரல், உள்ளே ஆள் இல்லாத குரல். இதற்காகவா அந்தக் கடைகளில் அலைந்தோம் என்று இருந்தது. இராஜசிங்கம் பாதியில் நிறுத்தினார். தொண்டை வலித்தது. கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

அந்த நொடியில் வசீகரன் தன் தொலைபேசியை எடுத்தான். விளக்கு எரிய, மாலை போட்டு, திருநீறு பூசி, கண் மூடிச் சாய்ந்திருக்கும் மாமா. அழகாக இருந்தது. ஒரு படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டான். எதுவும் எழுதவில்லை. கூப்பிய கை ஒன்றை மட்டும் சேர்த்தான்.

டொரொண்டோவில் அப்போது ஞாயிறு காலை. எல்லோரும் விழித்திருந்தார்கள்.

முதலில் கூப்பிய கைகள் வரிசையாக வந்தன. பிறகு அழும் முகங்கள். "ஓம் சாந்தி." லண்டனில் குடும்பத்துக்குச் சாவு அட்டை செய்வதையே ஓய்வுகால வேலையாக வைத்திருக்கும் ஒருவர், புகைப்படமும் பூக்கரையும் பறக்கும் புறாவும் வைத்த அட்டை ஒன்றைத் தயாராகவே வைத்திருந்திருக்க வேண்டும், மறைவுத் தேதியை மட்டும் நிரப்பி அனுப்பிவிட்டார். 'கண்ணீர் அஞ்சலி. அமரர் இராஜசிங்கம்.'

வசீகரன் திரையைப் பார்த்து வெளுத்துப் போனான். "மாமி... ஒரு சின்ன மிஸ்டேக்."

அவன் காட்டினான். குணமணி பார்த்தார். வாய் வரை வந்த சொல்லைச் சொல்வதற்குள் வீட்டுத் தொலைபேசி அலறியது. எட்டும் தூரத்தில் இருந்த இராஜசிங்கம் எடுத்து, பழக்கப்படி ஒலிபெருக்கியை அழுத்தினார். டொரொண்டோவிலிருந்து ஒன்றுவிட்ட தங்கை செல்வநாயகி.

"ஐயோ குணமக்கா! எங்களை விட்டுட்டுப் போட்டாரே! எத்தினை மணிக்கு நடந்தது?"

"எது?" என்றார் இராஜசிங்கம்.

"ஆர் கதைக்கிறது?"

"நான்தான்."

"நானெண்டால் ஆர்?"

"இராஜசிங்கம்."

"எந்த இராஜசிங்கம்?"

"இப்ப நீ அழுதியே, அவன்தான்லா. ஏன் நிறுத்திட்ட? நல்லாத்தானே போய்ட்டு இருந்துச்சு."

"அண்ணை! உயிரோடயா இருக்கிறியள்?"

"வியாழக்கிழம வரைக்கும் வாய் மூடுற உத்தேசம் இல்ல. வை ஃபோன."

இராஜசிங்கம் வசீகரன் கையிலிருந்த தொலைபேசியைப் பிடுங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தன் அட்டையைப் படிக்கத் தொடங்கினார். பத்திரிகை படிப்பது போலவே.

"கண்ணீர் அஞ்சலி. அமரர் இராஜசிங்கம். ம். பொறந்தது ஆகஸ்டாம். நான் மார்ச்சுல பொறந்தவன்டா! செத்ததத்தான் தப்பா போட்டானுங்கன்னா, பொறந்ததயும் தப்பா போட்டுட்டானுங்க. படத்தப் பாரு, முப்பத்தஞ்சு வயசுல எடுத்தது, மீசையோட. ஏமாத்து வேல. புறா எதுக்கு? நான் என்னிக்கு புறா வளத்தேன்?" இருமினார். இருமல் முடிந்ததும் மாலையைக் கழற்றிக் கீழே போட்டார். "அரிக்குது சனியன். குணம், டீ எங்க?"

குணமணி அசையவில்லை. ஹெட்செட் காதிலேயே இருந்தது. கேமராவின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. பதிவை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. அவர் கையை நீட்டி, அது இன்னும் ஓடுகிறது என்று ஒருமுறை உறுதி செய்துகொண்டுதான் டீ போடப் போனார். போகும் வழியில் தரையில் கிடந்த மாலையைச் சுருட்டி எடுத்து, சமையலறைச் சுவரிலிருந்த குப்பைக் குழாயின் மூடியைத் திறந்து உள்ளே தள்ளினார். ஏழு மாடி கீழே அது விழுந்த சத்தம் வரும்வரை மூடியைப் பிடித்திருந்தார்.

வசீகரன் குழுவுக்குத் திருத்தம் எழுதி அனுப்பிவிட்டு, தயங்கித் தயங்கிச் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"மாமி, மாமா படிச்சது ரெக்கார்ட் ஆச்சா?"

"ஆச்சு."

"செம காமெடி மாமி! அந்த கிளிப்ப மட்டும் அனுப்புங்களேன். டொரொண்டோல எல்லாரும் பாத்தா கொஞ்சம் சமாதானம் ஆவாங்க."

"அனுப்ப முடியாது."

"ஏன்?"

"அதுல வைஃபை இல்ல" என்றார் குணமணி. "உன் லைட்ட எடுத்துட்டுப் போ. கண்ணு கூசுது."

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் காலையில் கேமரா சாப்பாட்டு மேசையில், ஜாம் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஓடியது. இராஜசிங்கம் பனியனோடு உட்கார்ந்து பத்திரிகை படித்தார்.

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு அவரை அறுவைச் சிகிச்சைக்கு அழைத்துப் போனார்கள்.