ஞாயிற்றுக்கிழமை விற்பனை

லண்டனில் ஞாயிற்றுக்கிழமை ஒரு நூல்கண்டு வாங்க முடியாது. வந்த புதிதில் கோட்டுப் பொத்தான் அறுந்து, நூல் தேடித் தெருத்தெருவாக நடந்தேன். எல்லாக் கடையும் பூட்டியிருந்தது. யாரோ பெரியவர் இறந்துவிட்டார் என்றே நினைத்தேன். செங்கல்பட்டில் அத்தாவின் ஜவுளிக்கடைக்கு ஞாயிறுதான் உயிர். திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் பக்கமிருந்தெல்லாம் பஸ் பிடித்து வருவார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் மட்டும் அத்தா கடைப் பலகைகளில் பாதியை மாட்டிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவார். பாதிப் பலகை என்றால் இதோ வந்துவிடுவேன் என்று பொருள். முழுப் பலகை துக்கத்துக்கு.

இங்கே ஒரு பெரிய கடை நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை செய்கிறேன். கடைகளில் விற்கும் ஒவ்வொரு பொருளும் துளையிட்ட அட்டையாக எங்களிடம் வரும். புரோகிராம் அவற்றைப் படித்து, எந்தக் கடையில் எவ்வளவு சரக்கு மிச்சம் என்று அச்சடித்துத் தரும். இந்த நாட்டுக் கடைகளுக்காக எப்போதோ எழுதியது. துபாயில் கடை திறந்தபோது அதையே அப்படியே ஓட்டினார்கள். அங்கே ஆள் எடுப்பதாக ஊருக்கு எழுதியது நான்தான். ஜைனப் அக்காவின் கணவர் கபீர் மச்சான், அத்தாவின் கடையிலேயே பழகியவர், சரக்குக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளப் போனார்.

ஒரு வருஷம் முடிவதற்குள் திருடன் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புரோகிராம் இருப்பதாகச் சொன்ன சரக்கு வாராவாரம் கிடங்கில் இல்லை. சாவி அவரிடம் இருந்தது. போலீசுக்குப் போகாததே பெருந்தன்மை என்றார்களாம்.

அதற்குப் பிறகுதான், வெளிநாடுகளுக்கு ஏற்றபடி புரோகிராமைத் திருத்தும் வேலை என் மேஜைக்கு வந்தது. மாற்ற வேண்டியவற்றை மேலாளர் வரிசைப்படுத்தியிருந்தார்: நாணயம், வரி, தேதி எழுதும் முறை. கிழமை அதில் இல்லை. பழைய வரிகளை விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தபோது ஓரிடத்தில் விரல் நின்றது. அட்டையில் ஞாயிறு என்றிருந்தால் அது துளையிட்டவரின் பிழை, தள்ளிவிடு என்றது அந்த வரி. எழுதியவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருடைய ஊரில் ஞாயிறு விற்பனை என்று ஒன்று கிடையாது. துபாய்க் கடைக்கோ வெள்ளிதான் விடுமுறை. ஞாயிறுதோறும் விற்றதெல்லாம் விற்காததாகி, மச்சான் தலையில் விழுந்திருக்கிறது. பணக் கணக்கு வேறு பிரிவு. இரண்டையும் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

மேலாளரிடம் ஓடினேன். "அவர் திருடவில்லை" என்றேன். தாளைப் பார்த்துவிட்டு எழுந்து கைகுலுக்கினார். "கவலைப்படாதீர்கள், இந்தப் பழைய பிழைக்கு உங்களை யாரும் குறை சொல்லமாட்டார்கள்."

"கபீரைச் சொல்கிறேன். குற்றமில்லை என்று அவருக்கு ஒரு கடிதம் தர வேண்டும்."

"அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டாரே" என்றார், நான் அவருக்கு மறுபடி வேலை கேட்பதாக நினைத்து. விளக்கிச் சொன்னேன். வக்கீலைக் கேட்க வேண்டும் என்றார். வக்கீலோ, கடிதம் எதுவும் தர வேண்டாம் என்றுவிட்டார். புரோகிராம் மட்டும் திருந்தியது.

விடுப்பில் ஊருக்குப் போனேன். கடையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து மளிகைக்கடைக்காரர் வந்தார்.

"இன்னா பாய், மருமவன் துபாய் கடையையே தூக்கினு வந்துட்டாராமே? நமக்கொரு ரேடியோ தள்றது!"

அத்தா துணியை மடித்துக்கொண்டே இருந்தார்.

"மிஷினு தப்புண்ணே. நானே கண்டுபுடிச்சேன்" என்றேன்.

"நீ சொல்லுவ தாயி. அக்கா புருஷனாச்சே."

மச்சான் வீட்டில் உள்ளறையிலேயே இருந்தார். ஜும்மாவுக்குக்கூடப் போவதில்லை என்றாள் அக்கா. "பின்னால நின்னுகினு பேசறாங்களாம்."

"காயிதம் எதுனா குடுத்தானுங்களா?" என்று கேட்டார் மச்சான்.

"இல்ல மச்சான்."

"மிஷினுக்கு மட்டும் வைத்தியம் பாத்துட்ட." சிரித்தார். நானும் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார் போல.

இப்போது அந்தப் புரோகிராம் ஒவ்வொரு நாட்டுக்கும் எந்த நாள் விடுமுறை என்பதை முதலில் கேட்டுக்கொள்கிறது. பல நாடுகளில் ஓடுகிறது. வெள்ளி மதியம் அலுவலகத்தில் என் கை தானாகத் தாள்களை அடுக்குகிறது, எழுந்து போக வேண்டியவள்போல. ஞாயிற்றுக்கிழமை பூட்டிய கடைகளுக்கு நடுவே நடக்கிறேன்.

விடுப்பு முடிந்து ஊரிலிருந்து புறப்பட்ட நாளும் வெள்ளிதான். அத்தா பாதிப் பலகை மாட்டிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். என்னை வழியனுப்ப வந்த மச்சான் தெருவுக்கு இறங்கவில்லை. பலகைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கால்கள் மட்டும் வெளிச்சத்தில் தெரிந்தன. எதிர்ப்பக்கம் பெட்டியோடு நின்று, பஸ் வரும்வரை அந்தப் பாதிப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.