ஒரு ரேடியோவும் இரண்டு வீம்பும்

பக்கத்து வீட்டுக் கோவிந்தராசு அண்ணன் டாக்சி ஓட்டுகிறவர். ஓட்டினவர் என்று சொல்ல வேண்டும். என் வாய்க்கு இன்னும் பழகவில்லை. சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் அவர் வீடும் என் வீடும் அடுத்தடுத்த கதவு. நான் வீட்டில் பிளவுஸ் தைத்துத் தேக்கா கடைத்தெருவில் கொடுக்கிறவள். பகல் முழுக்க தையல் மிஷின் முன்னால் இருப்பதால் அங்கே கரண்டி விழுந்தாலும் எனக்குக் கேட்கும். கேட்கத்தான் என்ன இருந்தது? அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதே கிடையாது.

சண்டை பழசு. மகன் இளமாறன் ஆறாம் வகுப்பில் பி.எஸ்.எல்.இ. பரீட்சை எழுதிக்கொண்டிருந்த வாரம், மன்னார்குடியிலிருந்து போன் வந்தது. அண்ணன் பெண்டாட்டி ரத்தினம்மா அக்காவின் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். போனை எடுத்தவர் அண்ணன். சொன்னால் இவள் அழுது புரளுவாள், பையன் பரீட்சை கெட்டுவிடும் என்று தானே முடிவுகட்டி, கடைசிப் பேப்பர் முடிகிறவரை மூச்சு விடவில்லை. இந்த ஊரில் பிள்ளை பெற்றவர்களுக்கு அந்தப் பரீட்சைதான் குலதெய்வம். அவர் வாய் திறந்தபோது அங்கே எல்லாம் முடிந்து சாம்பலையும் கரைத்துவிட்டார்கள். அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம். அவரோடு பேசுவதை நிறுத்தினாள், அவ்வளவுதான். பையன் படித்து, வேலைக்குப் போய், அமலாவைக் கட்டிக்கொண்டு ஆங் மோ கியோவில் குடியேறின பிறகும் பேசவில்லை. அண்ணனும் லேசுப்பட்டவர் இல்லை. "நான் என்ன எனக்காகவா செஞ்சேன்?" என்பதிலேயே நின்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் நாக்கில் ஏறாது.

அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் சேட்டிலைட் ரேடியோ வந்தது. மாதச் சந்தா கட்டினால் வானத்திலிருந்து தமிழ்ப் பாட்டும் நாடகமும் நேராக வந்து இறங்கும். கையில் அடங்குகிற பெட்டி. அதைச் செருக டாக்சியில் ஒரு தாங்கி, வீட்டில் ஒரு தாங்கி. வண்டிக் கூரையில் காந்தத்தோடு ஒட்டிய ஏரியல், வீட்டு ஜன்னல் கம்பியில் இன்னொரு ஏரியல். பெட்டி மட்டும் ஒன்றே ஒன்று. காலையில் அண்ணன் அதைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். வண்டி மேம்பாலத்துக்கு அடியில் நுழைந்தால் பாட்டு அறுந்துபோகும், வெளியே வந்தால் திரும்பி வரும். ஏறுகிற நம்ம ஆட்கள் "என்னாண்ணே, மெட்ராஸ் ஸ்டேஷன் இங்க எப்படி எடுக்குது?" என்று கேட்டால் மனிதருக்குப் பெருமை பிடிபடாது.

மத்தியானத்தில் அதில் பழைய நாடகம் போடுவார்கள். அக்காவுக்கு அது உயிர். அதனால் எங்கே சவாரியில் இருந்தாலும் அந்த நேரத்துக்கு அண்ணன் வண்டியைக் கார்பார்க்கில் போட்டுவிட்டு, பெட்டியைத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு மேலே வருவார். தாங்கியில் செருகிவிட்டுக் கை கழுவுவார். மேசையில் சோறு மூடி இருக்கும். தட்டுக்குப் பக்கத்தில் அவருடைய ரத்தக்கொதிப்பு மாத்திரை இருக்கும். அக்கா சோபாவில் உட்கார்ந்து நாடகம் கேட்பாள், இவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார். சிரிப்பு வருகிற இடத்தில் இரண்டு பேரும் சிரிப்பது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும். நாடகம் முடிந்ததும் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்.

ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் நான்தான் தபால்காரி.

"சுதா, ரசத்துல உப்பே இல்லன்னு உங்கக்காகிட்ட சொல்லும்மா."

"டாக்டர்தான் குறைக்கச் சொன்னாருன்னு அவருகிட்ட சொல்லு, சுதா."

இரண்டு பேரும் எனக்கு இரண்டு பக்கத்திலும் நின்றுகொண்டுதான் இதைச் சொல்வார்கள். "நடுவுல நான் ஒருத்தி எதுக்குலா? எனக்கு மிஷின்ல வேல கெடக்கு" என்று கத்துவேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்த ஒரு வேளைச் சோறுதான் அவர்களுடைய குடித்தனம். அதுவும் இல்லையென்றால் அது வீடே இல்லை. எனக்கு அது தெரியும், அவர்களுக்கும் தெரியும். இளமாறனுக்குத்தான் தெரியவில்லை.

அவன் தங்கமான பிள்ளை. தீபாவளிக்கு வந்தவன் புத்தம்புதுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வீட்டுத் தாங்கியில் செருகினான். "அப்பா பாவம், டெய்லி வண்டிய விட்டுட்டு ஓடி வர்றாரு. இனிமே அம்மாவுக்குத் தனி செட். சந்தா நான் கட்டிக்கிறேன்" என்றான். நான் முறுக்குத் தட்டோடு அங்கேதான் நின்றேன். அண்ணன் "நல்லதுப்பா" என்றார். அக்கா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் அண்ணன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வருவதற்கு ஒரு சாக்கு வேண்டாமா? சாக்கைத்தான் மகன் எடுத்துவிட்டானே. சும்மா சோற்றுக்கு வந்தால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று அந்த மனிதர் நினைத்திருப்பார். அக்கா சோற்றை மூடி வைப்பாள், மாத்திரையை எடுத்து வைப்பாள், சாயங்காலம் இரண்டையும் எடுத்து உள்ளே வைப்பாள். புதுப் பெட்டியில் நாடகம் ஓடும். சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்காது.

ஒருநாள் அக்கா என்னைக் கூப்பிட்டாள். போனால், புதுப் பெட்டி தரை துடைக்கிற வாளிக்குள் முழுகிக் கிடக்கிறது.

"கை தவறி விழுந்துடுச்சு. அவருகிட்ட சொல்லிடு" என்றாள்.

"ஜன்னலோரம் இருந்த பெட்டி கை தவறி அடுப்படி வாளிக்கு எப்படிக்கா வந்துச்சு?"

"சொல்றத மட்டும் சொல்லு."

அடிப்பாவி என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாகவும் இருந்தது. நாளைக்கே மனிதர் துணிப்பையோடு வந்து நிற்பார், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நானும் நம்பினேன்.

அவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். அன்று சாயங்காலமே டாக்சியிலிருந்து தன் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து வீட்டில் ஒரேயடியாக மாட்டிவிட்டார். "நான் ரோட்டுச் சத்தத்தக் கேட்டுக்கறேன். உங்கக்காவுக்கு நாடகம் தடங்கல் இல்லாம வரட்டும்" என்று என்னிடம் சொன்னார். அவருக்கு அந்தப் பெட்டி மேல் எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். அதை விட்டுக்கொடுத்தார், ஒரு வார்த்தையை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அழுவதா, மண்டையில் ஒன்று போடுவதா என்று தெரியவில்லை.

அந்த வாரம் பிளவுஸ் மூட்டையோடு அவர் டாக்சியிலேயே தேக்காவுக்குப் போனேன். வண்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை. சிராங்கூன் ரோட்டு நெரிசலில் வண்டி நின்றபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணே, அக்காவுக்கு ரேடியோ வேணாம். நீங்க சோத்துக்கு வரணும். அதுக்குத்தான் அந்தப் பெட்டியத் தண்ணியில போட்டுச்சு."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். விளக்கு மாறி, பின்னால் ஹார்ன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தார்.

"அவளே சொல்லட்டும்" என்றார்.

திரும்பி வந்து அக்காவிடம் இதைச் சொன்னேன். "அவரே கேக்கட்டும்" என்றாள். நாசமாய்ப் போங்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் அவருக்கு மத்தியானம் காப்பிக்கடைச் சாப்பாடுதான். சில நாள் மீ கோரெங் நூடுல்ஸ், சில நாள் வெறும் தே தாரே டீயும் ரொட்டியும். மாத்திரை மேசையிலேயே கிடந்தது. கையில் கொடுத்து அனுப்பலாம் என்று நான் எடுத்தால், "வை அங்க. வந்து சாப்பிடச் சொல்லு" என்பாள் அக்கா. நானும் போய்ச் சொல்வேன். அவர் தலையை ஆட்டுவார், ஆனால் வரமாட்டார்.

போன மாதம் குவீன்ஸ்டவுனில் ஒரு சிவப்பு விளக்கில் நின்ற டாக்சி, பச்சை வந்தும் நகரவில்லை. பின்சீட்டில் இருந்த பெண்தான் ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். உயிர் பிழைத்தது. வாதம் அடித்து வலது கை போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. அறிவு தெளிவாக இருக்கிறது, சொல்வதெல்லாம் புரிகிறது, ஆனால் பதிலைப் பேசவோ எழுதவோ வராது என்றார் டாக்டர். அதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

இப்போது அண்ணன் காலையிலும் மத்தியானமும் ராத்திரியும் வீட்டில்தான். அக்கா பிசைந்து ஊட்டுகிறாள். பேசிக்கொண்டே ஊட்டுகிறாள். அத்தனை வருஷம் அடக்கி வைத்ததெல்லாம் கொட்டுகிறது: அமலா முழுகாமல் இருக்கிறாள், லிஃப்டில் யாரோ துப்பி வைத்திருக்கிறார்கள், வெண்டைக்காய் விலை ஏறிவிட்டது. ரேடியோவைப் போடுவதே இல்லை. "அவரு என்னமோ சொல்ல வர்றாரு சுதா, சத்தத்துல கேக்காமப் போயிடும்" என்கிறாள்.

நேற்று ரசம் கொடுக்கப் போனேன். அவர் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்த அக்கா துண்டை மடியில் வைத்தாள்.

"ஏங்க, அன்னிக்கு ஊர்லேர்ந்து போன் வந்துச்சே. எங்கம்மா கடைசியா என்னயக் கேட்டுச்சாமா? எதாவது சொல்லிச்சாமா?"

இத்தனை காலம் இதை அவள் கேட்கவே இல்லை. அந்தப் போனை எடுத்த ஒரே ஆள் அவர். ஊரிலிருந்து பேசியவர்களும் இப்போது உயிரோடு இல்லை. அண்ணன் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. ஆமாம் என்று தலையை ஆட்டினார். அந்த அம்மா கேட்டிருக்கிறார்கள், சொல்லியிருக்கிறார்கள். என்ன சொன்னார்கள்? வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, "ம்... மா... ம்..." என்று நெஞ்சு விம்முகிறது, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"அவசரமில்லீங்க. மெதுவா சொல்லுங்க" என்று அக்கா குனிந்து, காதை அவர் வாயருகே வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.