பலகை அடித்த யன்னல்

எண்பத்து மூன்றில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தின்போது, மலைநாட்டில் மஹய்யாவவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் குளியலறை யன்னலை உடைத்துக்கொண்டு ஒரு கல் வந்து விழுந்தது. நல்ல காலம், உள்ளே யாரும் இல்லை. ஊரடங்கு தளர்ந்ததும் நான் செய்த முதல் வேலை, அந்த யன்னலுக்குப் பலகை வைத்து ஆணி அடித்ததுதான். மகளுக்கு அப்போது இரண்டு வயது. யாழ்ப்பாணத்துக்கே போய்விடலாம் என்றாள் மனைவி. கந்தோர் வேலையை, அந்த மாதச் சம்பளத்தை, விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

குளியலறையின் பின்சுவர் மண்மேட்டை ஒட்டியிருந்தது; யன்னல் இருந்தது பக்கச்சுவரில். மழை பிடித்தால் சுவரில் ஈரம் ஊறும். பலகை அடித்தபின் அது வெளியேற வழியில்லை. ஒரு வருடத்துக்குள் மேல் மூலையில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. பிறகு அவை ஒன்றாகிச் சுவர் வழியே இறங்கின. உடம்பு துடைக்கும் துவாய்கூடப் பூஞ்சணம் மணத்தது. மனைவி பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்ப்பாள். கைத்தோல் உரியும், இருமல் நாட்கணக்கில் விடாது. பொங்கலுக்கு முன் நான் வெள்ளையடித்து மறைப்பேன். மாசி முடிவதற்குள் கறுப்பு மீண்டும் வந்துவிடும்.

"இஞ்சாருங்கோ, பலகையை ஒருக்காக் கழட்டுங்கோ. காத்துப் பட்டால் காய்ஞ்சிடும்."

"நாட்டு நிலைமை தெரியாமல் கதைக்காதேயும்."

அந்தந்த வாரம் வானொலியில் எங்காவது குண்டு வெடித்த செய்தி வந்திருக்கும். அதைக் காட்டியே அவள் வாயை அடைத்துவிடுவேன்.

ஐந்து வயதில் மகளுக்கு மூச்சு முட்டு தொடங்கியது. குளித்துவிட்டு வந்தால் நெஞ்சு விசிலடிக்கும். கெலிஓயாவில் ஒரு முஸ்லிம் டொக்டர் நன்றாகப் பார்ப்பார் என்று கந்தோரில் சொன்னார்கள். பஸ்ஸில் கூட்டிப் போனேன். "வீட்டுல ஈரம், பூஞ்சணம் ஏதும் இருக்கா?" என்று அவர் கேட்டார். "இல்லை டொக்டர்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? பலகையைப் பற்றிச் சொன்னால் என் பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வெட்கத்தை மறைக்கவே பொய் சொன்னேன்.

மூன்று வருடம் அந்தப் பொய்யின் மேலேயே மருந்து கொடுத்தார். மருந்து மாறியது, அளவு கூடியது. மகள் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடுவதை விட்டாள். ஒருநாள் அவள் நெஞ்சில் குழாயை வைத்தபடி டொக்டர் சும்மா கேட்டார்: "வீட்டுல எங்க வெளையாடுவீங்க மகள்?"

"முன் அறையில. குளிக்கிற அறைக்குக் கிட்டப் போனால் இருமல் வரும். சுவர் முழுக்கக் கறுப்பு. யன்னலுக்கு அப்பா பலகை அடிச்சவர்."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"கல் எறிஞ்சவங்கள், டொக்டர்..." என்று தொடங்கினேன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "பயம் எனக்கும் வெளங்குது. ஆனா இந்தப் புள்ளைக்கு மூச்சு விட வேணுமே. மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

அன்று மாலையே ஆணிகளைப் பிடுங்கினேன். பலகையின் பின்பக்கம் பூனை மயிர்போலப் பூஞ்சணம் அடர்ந்திருந்தது. வெளியே, பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா கொடியிலிருந்து உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். "இவ்வளவு காலமும் அது சாமான் அறை என்று நினைத்தேன்" என்றார் சிங்களத்தில். நானும் சிரித்துவைத்தேன்.

ஊறிய சாந்தைச் சுரண்டி எடுத்து, புதிதாகப் பூசிச் சுண்ணாம்பு அடித்தோம். இரண்டு மழைக்காலம் போனபின் மனைவியின் இருமல் நின்றது. மகளின் முட்டு குறைந்தது, ஒரேயடியாகப் போகவில்லை. இன்று அவளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். படி ஏறும்போது நடுவில் நின்று, கைப்பையிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து வாயில் வைத்து இழுப்பாள். நான் வேறெங்கோ பார்ப்பதுபோல நிற்பேன்.

மனைவி இதைப்பற்றி ஒரு வார்த்தைகூட என்னிடம் குறையாகச் சொன்னதில்லை. ஒருநாளாவது திட்டியிருக்கலாம்.